கண் சிமிட்டவும்

அன்று காலை டேப்லெட் அவனை இரண்டாவது முறையாகக் கண் சிமிட்டச் சொன்னது.

பதிவு மையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு நாள் தொடங்குவதே அந்தக் குரலில்தான். ஷட்டரைத் தூக்கி, மின்விசிறியைத் தட்டிவிட்டு, நேற்றைய கூட்டம் விட்டுப்போன வியர்வை வாடை கொஞ்சம் கலைந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து டேப்பை முகத்துக்கு நேரே பிடிப்பார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், கோபமும் இல்லாமல் கொஞ்சலும் இல்லாமல், "கண் சிமிட்டவும்" என்று சொல்லும். சிமிட்டினால் திரையில் முகத்தைச் சுற்றிப் பச்சை வளையம் ஓடும். "உயிர் உறுதி செய்யப்பட்டது. அடுத்தவர்" என்று சொல்லி வழி விடும். உட்கார்ந்திருப்பது ஆள்தான், ஆளின் படம் இல்லை என்று அரசாங்கம் நம்பிவிட்டதாக அர்த்தம். அவன் சிமிட்டினான். வளையம் வரவில்லை. குரல் அதே தொனியில் மறுபடியும் கேட்டது.

லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்தான். ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்தான். மூன்றாவது முறை கண்ணை இறுக்க மூடித் திறந்தான். திரையில் இருந்த அவன் முகம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அது சிமிட்டியதாக அவனுக்கும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கண்ணை எப்படிப் பார்ப்பது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

"அக்கா, என் டேப்புக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு."

பக்கத்து மேசை அக்கா மையம் திறந்த நாளிலிருந்து அங்கே இருப்பவள். வாய் ஓயாது, கையும் ஓயாது. "டேப்புக்கா, உனக்கா? குடு இங்க" என்று வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள். பச்சை வளையம் உடனே ஓடியது. "என்னையத் தெரியுது தம்பி. உன்னையத்தான் தெரியலயாம். ராத்திரி தூங்குனியா இல்லையா? போ, இன்னைக்கு என் பேர்ல உக்காந்து வேலை பாரு. சாயந்திரத்துக்குள்ள சரியாயிடும்."

அடையாள அட்டை என்று எல்லோரும் சொன்னாலும் கையில் பிடிக்கிற மாதிரி அட்டை எதுவும் இப்போது கிடையாது. முகம்தான் அட்டை. ஆஸ்பத்திரிக் கதவும் பள்ளிக்கூடக் கேட்டும் பஸ்ஸும் முகத்தைக் காட்டினால் திறக்கும், காட்டாவிட்டால் திறக்காது. வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரும் தான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று காட்டிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். நடமாடுகிறவர்கள் மையத்துக்கு வந்துவிடுவார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களிடம் இவன் பைக்கில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவான்.

படுக்கையில் கிடப்பவரிடம் கண் சிமிட்டச் சொன்னால் அவர் எங்கே கேட்கப்போகிறார். வீட்டார் சுற்றி நின்று "கண்ண மூடுங்க, கண்ணத் தொறங்க" என்று ஆளுக்கொரு பக்கம் கத்துவார்கள். கிடப்பவர் மிரண்டு விழிப்பார். டேப் சிவப்பு காட்டும். இதற்கு அவன்தான் ஒரு வழி கண்டுபிடித்தான். டேப்பைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணைப் பார்த்து மெல்ல ஊதுவான். எப்பேர்ப்பட்ட கண்ணும் காற்றுப் பட்டால் இமைத்துவிடும். மையத்தில் அதற்கு 'ஊதி எடுக்கிறது' என்றே பேர் நிலைத்துவிட்டது; அவனுக்கு ஊதாங்குழல் என்ற பேரும். "சங்கு ஊதறவன் வர்றதுக்கு முன்னாடி நீ போய் ஊதிட்டு வந்துடறே" என்று மேலாளர்கூடச் சிரிப்பார்.

இந்தப் பெருமையை அவன் வீட்டில் சொல்லியிருந்தான், அதுவும் நடித்துக் காட்டி. அதைப் பிடித்துக்கொண்டாள் இரண்டாம் வகுப்பு படிக்கிற மகள். வீட்டில் அவள் பேர் பாப்பா. அன்றிலிருந்து காலையில் அப்பாவை எழுப்புவது அவள் வேலை. மார்பில் ஏறி உட்கார்ந்து, மூடிய இமைகள்மேல் ஊதுவாள். அவன் இமைத்ததும் அந்தப் பெண் குரலிலேயே "உயிர் உறுதி செய்யப்பட்டது. எழுந்திரி" என்பாள். அந்தக் காற்றில் பற்பசை வாசம் இருக்கும். நாள் முழுவதிலும் அவனுக்குப் பிடித்த நேரம் அதுதான்.

இன்று காலையும் விளையாட்டாக லேசாக ஊதினாள். அவன் இமைக்கவில்லை. "அப்பா ஏமாத்தற" என்று சொல்லி, மறுபடி ஊதப்போகும்போது அம்மா கூப்பிட்டுவிட்டாள். அப்போது அவன் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

முந்தின நாள் மதியம் அவன் போன வீடு ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. கதவைத் திறந்தவள் அந்த வீட்டு மருமகள். அவன் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"மாமா தூங்கறாரு சார். எழுப்ப முடியாது. ஆனா இன்னைக்குத்தான் கடைசி நாள். வீடு அவர் பேர்ல இருக்கு."

"தூங்கட்டும்மா. தூங்கறவங்களையும் நான் எடுத்துடுவேன்."

உள்ளறையில் ஜன்னலைச் சாத்தித் திரையையும் இழுத்துவிட்டிருந்தார்கள். பட்டப்பகலில் டியூப்லைட் எரிந்தது. பினாயில் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை, மாற்றாமல் விட்ட பூஜாடித் தண்ணீரின் வாடை, கட்டிலிலிருந்து வந்ததா தரையிலிருந்து வந்ததா என்று தெரியாதபடி அறை முழுக்கப் பரவியிருந்தது. மின்விசிறி சுற்றுக்கு ஒரு தடவை டக் டக்கென்று எதிலோ இடித்துக்கொண்டே ஓடியது. கிழவரைக் கழுத்து வரைக்கும் போர்த்தியிருந்தார்கள். கண்கள் பாதி திறந்திருந்தன. நெற்றியைத் தொட்டான். சில்லென்றிருந்தது. மின்விசிறிக் காற்று என்று நினைத்துக்கொண்டான்.

ஊதினான். சிவப்பு. இரண்டாவது தடவை கொஞ்சம் அழுத்தி ஊதினான். "உயிர் அறியப்படவில்லை" என்றது குரல். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். இவனுக்குத் தொழில் ரோஷம். இதுவரை ஒருத்தரைக்கூட அவன் எடுக்காமல் விட்டு வந்ததில்லை. மூன்றாவது தடவை இன்னும் நெருங்கிக் குனிந்து, அடிவயிற்றிலிருந்து முழு மூச்சையும் கூட்டி ஊதினான்.

அந்த மூச்சு கண்ணோடு நிற்கவில்லை. நூல்கண்டிலிருந்து யாரோ நூலை உருவுகிற மாதிரி அது போய்க்கொண்டே இருந்தது. போதும் என்று உதட்டை மூடப் பார்த்தான். முடியவில்லை. எல்லாம் போய் முடிந்த பிறகுதான் உதடு அவன் சொல் கேட்டது. கிழவரின் இமைகள் மூடித் திறந்தன. பச்சை வளையம் ஓடியது. போர்வைக்கு அடியில் நெஞ்சு ஒரு தடவை மேலே ஏறியது.

சுவரோரம் நின்றிருந்த மருமகள் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். "காலைல டாக்டர் வந்து..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். அவன் என்னவென்று கேட்கவில்லை. வேலை முடிந்த இடத்தில் நின்று கதை கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

திரும்பி வரும்போது முகத்தில் காற்று அடிப்பது தெரியவில்லை. சட்டை படபடத்ததால் காற்று அடிக்கிறது என்று புரிந்தது. வீட்டில் மனைவி கொடுத்த டீ ஆவி பறந்தது. வாயில் அது வெறும் ஈரமாக இருந்தது.

அதற்கு மறுநாள்தான் டேப் அவனைத் தெரியாது என்றது.

அன்று மாலை பள்ளிக்கூடக் கேட்டும் அதையே சொன்னது. மனைவிக்குத் தையல் கம்பெனியில் இரவு வரைக்கும் ஷிப்ட். பாப்பாவைக் கூட்டி வருவது எப்போதும் அவன்தான். கேட்டுக் கம்பத்தில் பதித்திருந்த திரைக்கு முன்னால் நின்றான். கண் சிமிட்டவும். சிமிட்டினான். கண் சிமிட்டவும். பின்னால் வரிசை நீண்டது. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். திரை சிவப்பாகி, 'உயிர் அறியப்படவில்லை' என்று காட்டியது.

"என்ன சார், வர மாட்டேங்குதே" என்றார் காவலாளி. தினமும் பார்க்கிற மனிதர். "எனக்குத் தெரியுது நீங்கதான்னு. கேட்டுக்குத் தெரிய வேணாமா?"

கம்பிக்கு அந்தப் பக்கம் பாப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். போகிற பிள்ளைகளில் ஒரு பையன் சிவப்புத் திரையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "உங்கப்பா செத்துட்டாரா?" என்று கேட்டான். பாப்பா அவனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். மனைவி ஷிப்டிலிருந்து பாதியில் ஓடி வந்து முகம் காட்டிக் கூட்டிப் போகும்போது தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது.

பிள்ளையைத் தவிக்க விட்டுவிட்டோமே என்று அவனுக்கு வலித்திருக்க வேண்டும். வலிக்கவில்லை. வராத பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் நிற்கிற மாதிரி அந்த வலிக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான்.

மறுநாள் மையத்தில் டேப் மறுபடி அவனை ஒதுக்கியது. பக்கத்து மேசை அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "இரு. உன் வித்தைய உனக்கே காட்டறேன். ஊதி எடுத்துடுவோம்."

அவள் உதட்டைக் குவித்துக்கொண்டு குனிந்தாள். எதற்கென்று தெரியாமலே அவன் கை டேப்பை இரண்டு முகத்துக்கும் நடுவில் உயர்த்தியது. அவள் ஊதியது கண்ணாடியில் பட்டு, அங்கே வட்டமாக ஆவி படிந்தது. அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. டேப்பைத் தன் பக்கம் திருப்பி, வாயை நன்றாகத் திறந்து, அதே கண்ணாடியில் ஊதினான்.

கண்ணாடி தெளிவாக இருந்தது.

அன்று மதியம் வீட்டுக்கு வந்து, அடுப்படியில் நின்று ஒரு தீக்குச்சியைக் கிழித்தான். ஊதினான். சுடர் சாயவில்லை. கிட்டத்தில் வைத்து ஊதினான். அது நிமிர்ந்தபடி, ஆடாமல், குச்சியைத் தின்றுகொண்டே இறங்கியது. நெஞ்சு ஏறி இறங்கியதென்னவோ நிஜம். அது வெறும் பழக்கதோஷம் போலிருக்கிறது. சுடர் விரலுக்கு வந்து அங்கேயே எரிந்து அணைந்தது. நகத்துக்குக் கீழே தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அதை வேறு யாருடைய விரலையோ பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெட்டியை எடுத்துக்கொள்ளாமல் பைக்கை மட்டும் எடுத்தான்.

சந்தின் கடைசி வீட்டுக் கதவைக் கிழவரே திறந்தார். சவரம் செய்து, தலைசீவி, சலவைச் சட்டை போட்டிருந்தார். கையில் டீ டம்ளர். சூடு தாங்காமல் கை மாற்றி மாற்றிப் பிடித்திருந்தார். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. மருமகள் சமையலறை வாசலிலேயே நின்றாள். கிழவர் இருந்த பக்கம் அவள் வரவே இல்லை.

"வாங்க தம்பி. உங்களத்தான் நெனச்சுட்டு இருந்தேன்." குரல் கணீரென்று இருந்தது. "ஒரு சந்தேகம் கேக்கணும். காலைல முழிப்பு வர்ற நேரத்துல யாரோ நெஞ்சுல ஏறி உக்காந்து கண்ணுல ஊதற மாதிரி இருக்கு. பற்பசை வாசம். பொம்பளப் புள்ள. சின்னதுதான். யாரு அது?"

அவன் நின்றான். மின்விசிறி டக் டக்கென்று இடித்துக்கொண்டிருந்தது.

"எனக்குப் பேத்தி கெடையாது" என்றார் கிழவர். "நல்ல புள்ள. மனசார ஊதுது."

"ஐயா, அது என்னுது." அவன் ஒரு அடி முன்னால் வந்தான். "என்கிட்டேர்ந்து வந்தது. திருப்பிக் குடுங்க. நான் அன்னைக்கு ஊதுன மாதிரி, ஒரே ஒரு தடவ ஊதிடுங்க."

கிழவர் மறுக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். கிட்டத்தில் வந்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் குவித்தார். கன்னம் இரண்டும் உப்பின. கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்து, கண்ணில் நீர் கட்டியது. காற்று வரவில்லை. உதட்டுக்கு நடுவே நூல் போகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. அதன் வழியாக ஒன்றும் வரவில்லை. கடைசியில் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"குடுக்கக் கூடாதுன்னு இல்ல தம்பி. டீய ஊதி ஆத்தவும் முடியல, அதான் இப்படிப் பிடிச்சுட்டு நிக்கறேன். வாங்குன மூச்சு வெளிய போக மாட்டேங்குது." கொஞ்சம் யோசித்துவிட்டு, உதவி செய்கிற மாதிரிதான் சொன்னார். "உங்களுக்கும் யாராவது மனசார ஊதுனா உண்டு."

அவனுக்கு மனசார ஊத உலகத்தில் யார் இருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டியதே இல்லை.

அன்று இரவு அவன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு படுத்தான்.

"ஏங்க, கனவுல எங்கயாவது வண்டி ஓட்டப்போறீங்களா?" என்றாள் மனைவி. சிரித்தாள், பிறகு சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "என்ன பண்ணுது உங்களுக்கு? ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"கதவு தொறக்காது."

"அப்ப என்னதான் பண்றது?"

"பாப்பா என் முகத்துல ஊதக் கூடாது. நீ பாத்துக்க. தப்பித் தவறிக்கூட."

"ஆமா, ஊதுனா பறந்துபோயிடுவீங்க" என்றாள். ஆனால் அவன் கையைப் பிடித்தவள் பிடித்தபடியே நெடுநேரம் இருந்தாள். அவள் கை அவனுக்குத் துணி போல இருந்தது. கிழவர் வீட்டில் நடந்ததைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அவளே ஊதிவிடுவாள் என்று தோன்றியது. அவள் அப்படிப்பட்டவள்.

பாப்பாவுக்கு ஹெல்மெட் முதல்நாள் வேடிக்கையாக இருந்தது. இரண்டாம் நாள் கண்ணாடிமேல் முத்தம் கொடுத்தாள். அதற்குப் பிறகு வேடிக்கை இல்லாமல் போயிற்று. காலையில் கட்டிலோரம் வந்து நின்று, குனிந்து, அந்தக் கறுப்புக் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். பள்ளிக்கூடத்திலிருந்து அவளைக் கூட்டிவர அம்மா தினமும் ஷிப்டை முறித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவன் தெருமுனையில் பைக்கோடு நின்றான். கேட்டுக்குப் பக்கத்தில் போகவில்லை. தனக்குப் பயமாக இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. பிள்ளைக்காக உயிரையே கொடுப்பேன் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். கொடுக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகுதான் அது எவ்வளவு லேசான பேச்சு என்று புரிந்தது. அதுவும் ஒரு தகவலாகத்தான் புரிந்தது.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. மனைவி விட்ட வேலையைச் சேர்த்துப் பார்க்கக் கம்பெனிக்குப் போயிருந்தாள். மதியம். வீட்டில் அவனும் பாப்பாவும். அவன் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தான், ஹெல்மெட்டோடு. குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸி ஓட்டி நிறுத்தினார்கள். ஜன்னல் வெயில் தரையில் நகர்ந்து அவன் கால்மேல் ஏறியது. சூடு தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் தெரிந்தது. ஹெல்மெட்டுக்குள் பழைய வியர்வையும் ரெக்ஸினும் நாற வேண்டும். எதுவும் நாறவில்லை. கண்ணாடியில் ஆவி இல்லை. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை.

எங்கோ அவன் போன் ஒலித்தது. சிறிய காலடிகள் போய் அதை எடுத்தன.

"அப்பா, மெசேஜ்." எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இன்று... மாலைக்குள்... உயிர் உறுதி... செய்யப்படாவிட்டால்... நீங்கள்..." அடுத்த சொல்லில் தடுமாறினாள். "கா, ல, மா, ன, வர். காலமானவர்னா என்னப்பா?"

அவன் ஹெல்மெட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். 

"அப்பா, அந்தப் பையன் சொன்னான்ல. அதா?"

"இல்லடா."

"அப்ப எதுக்குக் கேட்டு சிவப்பு காட்டுது?"

குழாய் சொட்டியது. காலடிகள் பாய்வரைக்கும் வந்து நின்றன. சமையலறைக்குப் போயின. திரும்பின. மூடிய கண்ணாடிக்குள் அவனுக்கு அவள் ஒரு நிழல்; ஒரு கையில் வெளிச்சமான சின்னச் சதுரம். நிழல் மார்பில் ஏறி உட்கார்ந்தது. எடையே இல்லை. வேலைக்காக அவன் போனிலும் ஏற்றி வைத்திருந்த மையத்துச் செயலியிலிருந்து அந்தப் பெண் குரல் கேட்டது.

"கண் சிமிட்டவும்."

சின்ன விரல்கள் கண்ணாடியின் விளிம்பைத் தேடின. நெம்பின. கண்ணாடி கொஞ்சம் ஏறியது. சிக்கியது. மறுபடி ஏறியது. வெளிச்சம் உள்ளே வந்தது.

"ஒரே ஒரு தடவப்பா. மெதுவா. அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்."

முகத்தைத் திருப்ப வேண்டும். அவனுக்குத் தெரியும். கழுத்து இருக்கிறது, திரும்பும். கையும் இருக்கிறது, தூக்கினால் தூக்கும். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொல்லலாம். அவசரம் என்று ஒன்று வேண்டும் அதற்கு. அது வரவில்லை. வரும் என்று காத்திருந்தான்.

அவள் உதட்டைக் குவித்தாள்.

ஊதினாள்.

முதலில் பற்பசை. பிறகு பென்சில் சீவின வாசம். பிறகு ரெக்ஸின் நாற்றம், வியர்வை, வெயில். கால் சுட்டது. மின்விசிறிச் சத்தம் காதில் விழுந்தது. எரிந்த விரல் சுரீரென்று வலித்தது. எத்தனையோ நாள் வலி ஒரே நேரத்தில். மார்பின்மேல் எடை வந்தது. பிள்ளையின் எடை. மூச்சு உள்ளே போனது. இன்னும் போனது. போய்க்கொண்டே இருந்தது.

போதும். போதும் கண்ணு. நிறுத்து.

இமைத்தான்.

அப்போதுதான் பயம் வந்தது. காத்திருந்த எல்லாம் வந்தது. கேட்டுக் கம்பிக்குப் பின்னால் நின்ற முகம். "செத்துட்டாரா?" அவனுக்கு அழுகை வந்தது. பிள்ளைமேல் வைத்த அத்தனை ஆசையும் நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்தது.

"உயிர் உறுதி செய்யப்பட்டது."

"பாப்பா."

ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தான். எழுந்து உட்கார்ந்து அவளைத் தோளோடு பிடித்தான். அவள் கை சில்லென்றிருந்தது. கண் திறந்திருந்தது. அவனைத்தான் பார்த்தது. இமைக்கவில்லை. அவன் அவளை உலுக்கினான். தலை ஆடியது. கண் ஆடவில்லை.

ஊத வேண்டும். அவ்வளவுதான். வந்த மூச்சைத் திருப்பி ஊத வேண்டும். மனசார. அதில் என்ன சந்தேகம்.

உதட்டைக் குவித்தான். அடிவயிற்றிலிருந்து கூட்டினான். கன்னம் உப்பியது. கழுத்து புடைத்தது. காதுக்குள் இரைந்தது.

காற்று வரவில்லை.

மறுபடி. மறுபடி. உதட்டுக்கு நடுவில் அந்த நூலிழை இடைவெளி. அவள் நெற்றிமயிர் ஒன்றுகூட அசையவில்லை. வெயில் இரண்டு பேர் மேலும் விழுந்துகொண்டிருந்தது. எதிரே பாப்பாவின் உதடுகள் ஊதியபடியே குவிந்திருந்தன. போன் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அதன் கேமரா மாறி, குடும்பத்தில் அடுத்த முகமாக அவள் முகத்தைத் தேடிப் பிடித்தது.

"அடுத்தவர்" என்றது குரல், கோபமும் இல்லாமல் கொஞ்சலும் இல்லாமல். "கண் சிமிட்டவும்."